ரிப்போர்ட் வருமுன்னே

(ஆதரவாளர்களின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிச் சாப்ளின் ஐயா அவர்கள் ஆற்றிய உரை)



அதிகாலையிலே எழுந்து, பஸ்ஸிலும் வேனிலும் வெகுதூரம் பிரயாணம் செய்து வந்திருக்கிறீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

சில மாதங்களுக்கு முன் ஒரு சபையின் பொருளாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, போன வருஷக் கணக்கிலே இரைப்பைக் கட்டிகளுக்கான விசேஷ பரிசோதனை என்று ஒரு தொகை காட்டியிருக்கிறீர்கள். விசாரித்தால், அது எப்போதோ ஒருவருக்கு வருகிற அபூர்வமான வியாதி என்கிறார்கள். அந்தப் பணத்திலே இரண்டு கண் முகாம் நடத்தியிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்வி. ஏழை விதவைகளும் போட்ட காணிக்கைக்குக் கணக்குக் கேட்கிறவர் அப்படித்தான் கேட்கவேண்டும். அன்றைக்கு அவருக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்று உங்கள் எல்லாருக்கும் முன்பாகச் சரியான பதிலைச் சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும்.

2014ஆம் வருஷம். மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிற ஒரு சகோதரரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். பல வாரங்களாகவே மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. சூடு என்று நினைத்து மோர் குடித்திருக்கிறார். ஒரு நாள் இரத்த வாந்தி எடுத்து, கடைத்தெருவிலேயே மயங்கி விழுந்துவிட்டார். இரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் மேல்பாகத்திலே சாத்துக்குடி அளவு ஒரு கட்டி, அதன் உச்சியில் இரத்தம் கசிகிற ஒரு புண்.

சாயங்காலம் நான் வார்டுக்குப் போனபோது வராந்தாவில் நர்ஸ்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "வயிற்றுக்குள் பெரிய கட்டியாம்." எனக்கு அவ்வளவே தெரியும். எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. இத்தனை வருஷ ஊழியத்தில் இரைப்பைக் கட்டியோடு வந்தவர்கள் எத்தனை பேரை அடக்கம் பண்ணியிருக்கிறேன் என்ற எண்ணம் மனதிலே இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, பரலோக நம்பிக்கையைக் குறித்துப் பேசி ஜெபித்தேன். எழும்போது, "தம்பி, வீட்டுக் காரியங்கள் ஏதாவது பாக்கி இருந்தால் முடித்துவிடுங்கள்" என்றேன். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நல்ல ஊழியம் செய்த திருப்தியோடு நான் என் அறைக்குப் போனேன்.

அவருக்குப் பாக்கி இருந்த காரியம் ஒன்றுதான். மூத்த மகள். பத்தொன்பது வயது, நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். சாகுமுன் அவள் கலியாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே சொந்தத்தில் ஒரு பையனைப் பேசி முடித்தார். சபையிலே ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் டாக்டர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். குழாய் வழியாக முதலில் எடுத்த சதையில் மேற்புண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அவரைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பி, நுனியிலே ஸ்கேன் பொருத்திய குழாயை உள்ளே விட்டு, கட்டிக்குள்ளேயே ஊசி செலுத்திச் சதை எடுக்கச் செய்தார்கள். அந்தச் சதைக்கு விசேஷ பரிசோதனை நடந்தது. நான் ஜெபித்த நாளிலிருந்து பதினெட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நான் நினைத்த புற்றுநோய் அல்ல. ஜிஸ்ட் என்கிற வேறொரு கட்டி. பரவவில்லை. ஆபரேஷன் செய்து எடுக்கலாம், அதன்பின் சாப்பிடுவதற்கு மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர்.

அன்றைக்கே பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். அதற்கு முந்தின நாள்தான் இரண்டாம் ஓலை வாசித்திருந்தார்கள். "பிள்ளை படிப்பை முடிக்கட்டும், அவசரம் வேண்டாம்" என்று கெஞ்சினேன். "ஐயா, நீங்கள்தானே சொன்னீர்கள். இப்போது கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப எடுப்பது?" என்றார் அந்தப் பிள்ளையின் பெரியப்பா. எனக்குப் பதில் இல்லை. கலியாணம் நடந்தது. அந்த மகள் நர்சிங் படிப்புக்குத் திரும்பவில்லை.

எசேக்கியா ராஜாவின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அவன் வியாதியாய்க் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி வந்து, நீ பிழைக்கமாட்டாய், வீட்டை ஒழுங்குபடுத்து என்ற கருத்தில்தான் சொன்னான். செமினரியில் படித்த காலத்திலிருந்து எத்தனையோ முறை அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் இரண்டு காரியங்களைக் கவனிக்காமல் போய்விட்டேன். ஏசாயாவைத் தேவன் அனுப்பினார். என்னை அந்த வார்டுக்குள் அந்தச் செய்தியோடு ஒருவரும் அனுப்பவில்லை. அடுத்தது, ஏசாயா அரமனை முற்றத்தைத் தாண்டுமுன்னே திரும்பிப் போய் வேறு செய்தியைச் சொன்னான். நான் திரும்பிப் போகப் பதினெட்டு நாளாயிற்று.

அன்பானவர்களே, இரைப்பையிலே கட்டி என்றால் எல்லாம் ஒரே வியாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டாக்டர்களிடம் பலமுறை கேட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நான் வைத்தியன் அல்ல. பிழை வராதபடி எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்.

இரைப்பையின் சுவரை வீட்டுச் சுவரைப்போல நினைத்துக்கொள்ளுங்கள். உட்புறம் சுண்ணாம்புப் பூச்சு, அதற்குப் பின்னே செங்கல். நாம் சாதாரணமாய்க் கேள்விப்படுகிற இரைப்பைப் புற்றுநோய் அந்தப் பூச்சிலே தொடங்குகிறது. நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் அந்த வகைதான். அது கொடியது, சீக்கிரம் கண்டுபிடித்தால் மட்டுமே நல்ல நம்பிக்கை உண்டு. மீதியுள்ள கொஞ்சம் பேரிடத்தில் இருக்கிறவை வேறு வகைகள். அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அந்தச் சகோதரருக்கு வந்த ஜிஸ்ட். இது செங்கல் பாகத்தில், அதாவது இரைப்பையின் தசைச் சுவருக்குள் தொடங்குகிறது. அங்கே இரைப்பையும் குடலும் சீராய் அசைவதற்குத் தாளம் கொடுக்கிற செல்கள் உண்டு. பாடகர் குழுவுக்குத் தாளம் கொடுப்பவரைப் போல. ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி கஹால் என்பவரின் பெயரால் அவற்றை அழைக்கிறார்கள். அந்த வகைச் செல்லிலிருந்து கிளம்புகிற கட்டி இது. பத்து லட்சம் ஜனங்களில் வருஷத்திற்குச் சுமார் 10 முதல் 15 பேருக்கு வருகிறது. பூச்சுக்குப் பின்னால் இருப்பதால்தான் மேலாகச் சுரண்டி எடுத்த சதையில் அது அகப்படவில்லை. நுண்ணோக்கியின் கீழே வேறு சில கட்டிகளைப்போலவும் தோன்றும். ஆகவே சதையின் மேல் ஒரு விசேஷச் சாயம் போடுகிறார்கள். சி.டி. 117 என்று அதற்குப் பெயர். சாயம் பிடித்தால் பெரும்பாலும் ஜிஸ்ட் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நெடுங்காலம் இதற்கு ஆபரேஷனைத் தவிர வழியில்லாமல் இருந்தது. சாதாரணப் புற்றுநோய் மருந்துகள் ஏறக்குறையப் பயனற்றுப் போயின. 1998இல் ஜப்பானின் ஒசாகா பட்டணத்து ஆராய்ச்சியாளர்கள், இந்தக் கட்டிகளின் செல்லிலே 'கிட்' என்கிற ஒரு ஸ்விட்ச் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஸ்விட்சை அணைக்கக்கூடிய ஒரு மாத்திரை, ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக அப்போதுதான் பரீட்சையில் இருந்தது. 2000ஆம் வருஷம் மார்ச் மாதம், பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கியில், வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் ஈரல்வரை நோய் பரவியிருந்த ஒரு பெண்மணிக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலே கட்டிகள் சுருங்கின. அதுதான் இமாட்டினிப். 2002இல் அமெரிக்க அரசு ஜிஸ்ட் நோய்க்கு அதை அங்கீகரித்தது.

நம் தேசத்திலே அந்த மாத்திரை ஏழைகளுக்கு எட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனிப் பெயரில் விற்ற மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வரையிலும், இந்தியக் கம்பெனிகள் செய்கிற அதே மருந்துக்குச் சுமார் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாயும் ஆகிறது என்று அந்நாட்களில் பத்திரிகைகள் எழுதின. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தக் காப்புரிமை மனுவைத் தள்ளுபடி செய்தது. நம் மூட்டைத் தொழிலாளி அதற்கு அடுத்த வருஷம் வந்தார். கர்த்தருடைய நேரத்தை என்னென்பேன்!

இரண்டாவது வகை, மால்ட் லிம்போமா. ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி இரைப்பையில் வருஷக்கணக்காய்க் குடியிருக்கும்போது, அதை எதிர்த்துக் கூடுகிற வெள்ளை அணுக்களே சிலருக்குக் கட்டியாய் மாறிவிடுகின்றன. இந்தக் கிருமியை வெளிப்படுத்தியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் பட்டணத்து டாக்டர்கள் வாரனும் மார்ஷலும். கிருமியை வளர்க்கிற தட்டுகளை வழக்கமாய் இரண்டு நாளில் எறிந்துவிடுவார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே இருந்துவிட்டன. விடுமுறை முடிந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியை அழித்தாலே இந்தக் கட்டி கரையக்கூடும் என்று 1993இல் இங்கிலாந்து டாக்டர்கள் எழுதினார்கள். ஆரம்ப நிலையில் இருப்பவர்களில் நாலில் மூன்று பங்கு பேருக்கு, ஆன்டிபயாடிக்கும் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையும் சுமார் இரண்டு வாரம் கொடுத்தாலே போதுமானதாகிறது. கரைவதற்கு மாதங்கள் ஆகலாம். ஆகவே திரும்பத் திரும்பக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். கரையாதவர்களுக்குக் கதிர் சிகிச்சை உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இந்த வியாதியோடு நம்மிடம் வந்தார்கள். மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் மகன் என்னிடம் வந்து, "ஐயா, அம்மாவுக்குப் புற்றுநோய் என்கிறார்கள். ஆனால் புண்ணுக்குக் கொடுக்கிற மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள். எங்களிடம் பணம் இல்லை என்று கைவிடுகிறார்களா?" என்று கேட்டார். டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்கள். அந்த ஆசிரியை இன்றும் ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறார்கள்.

மூன்றாவது, நியூரோ எண்டோக்ரைன் கட்டி. இதிலேயே வகைகள் உண்டு. ஒரு வகை, இரைப்பையின் உட்சுவர் மெலிந்து, பி-12 சத்து குறைந்து, இரத்தசோகை உள்ளவர்களுக்குச் சிறுசிறு கட்டிகளாய் வருகிறது. பெரும்பாலும் சாதுவானது. குழாய் வழியாகவே அகற்றலாம், அல்லது கண்காணித்து வரலாம். இன்னொரு வகை தனிக் கட்டியாய் வரும். அது பரவக்கூடியது, பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். பெயர் ஒன்று, வைத்தியம் வேறு. இரத்தத்தில் காஸ்ட்ரின் அளவைப் பார்த்து, கட்டியைச் சுற்றியுள்ள சதையையும் எடுத்துப் பார்த்துத்தான் இன்ன வகை என்று தீர்மானிக்கிறார்கள். சாதுவான வகையென்று அறியாமல் இரைப்பையையே எடுத்துவிட்டால், அந்த நோயாளி வாழ்நாளெல்லாம் வீணாய்க் கஷ்டப்படுவார்.

நான் சொன்னதைக் கேட்டு, அபூர்வமான கட்டி என்றால் சுலபமான கட்டி என்று யாரும் எண்ணிவிடாதிருங்கள். ஜிஸ்ட் பரவிய நிலையில் ஒரு வாலிபன் வந்தான். இமாட்டினிப் நான்கு வருஷம் நன்றாய் வேலை செய்தது. பிறகு கட்டி அந்த மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிக்கொண்டது. அடுத்த மருந்தும் கொடுத்தோம். சில மாதங்களே தாங்கியது. அவனை நானே அடக்கம் பண்ணினேன். ஆனால் கடைசி வாரத்தில் அவன் என்னிடம், "ஐயா, என் மகனை நானே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அவன் தன் பெயரை எழுதுவதைப் பார்த்துவிட்டேன்" என்றான். அந்த வருஷங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

இப்போது பொருளாளர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். அபூர்வமான வியாதிக்காரர் நெற்றியிலே எழுதிக்கொண்டு வருவதில்லை. அதே வயிற்றுவலி, அதே இரத்தசோகை, அதே கறுப்பு மலத்தோடுதான் எல்லாரும் வருகிறார்கள். ஒருவருக்கு என்ன கட்டி என்பது சதையைப் பரிசோதித்த பிறகே தெரியும். ஆகவே நீங்கள் கொடுத்த தொகை அந்தச் சிலருக்காக மட்டும் செலவாகவில்லை. சந்தேகத்தோடு வந்த ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொல்லச் செலவாயிற்று. அநேகருக்கு அந்த உண்மை கசப்பாயிருந்தது. சிலருக்கு அது ஜீவனாயிருந்தது. கண் முகாமும் நடத்துவோம். அதையும் ஆண்டவர்தாம் நமக்கு ஒப்புவித்திருக்கிறார். ஆனால் ஒரு மனிதனுக்கு வந்த நோய் என்னவென்றே அறியாமல் அவனைச் சாவுக்கு ஆயத்தப்படுத்துவது அன்பல்ல. அதை நான் செய்து பார்த்தவன்.

உங்கள் காணிக்கை எதற்கெல்லாம் போகிறது என்று கேட்பீர்கள். நம் ஆஸ்பத்திரியில் எல்லாச் சாயமும் இல்லை. மெழுகில் பதித்த சதையைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். அதன் கட்டணம், நோயாளியின் பிரயாணச் செலவு, ஸ்கேன், மாதாமாதம் மாத்திரை. பரவிய ஜிஸ்ட் நோயில், சுகமாயிருக்கிறதே என்று நிறுத்திவிட்டால் பெரும்பாலும் நோய் திரும்பத் தலையெடுக்கும். அரசாங்கக் காப்பீடு பல செலவுகளைத் தாங்குகிறது, நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். அது எட்டாத இடங்களிலே உங்கள் கை எட்டுகிறது.

உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். உங்கள் சபையில் ஒருவருக்குக் காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் கறுத்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோனால், இரத்தசோகை திரும்பத் திரும்ப வந்தால், வாயுத்தொல்லை என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து மாதங்களைப் போக்கடிக்காதிருங்கள். டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்தாதிருங்கள். எசேக்கியா கண்ணீரோடே ஜெபித்தான், ஆண்டவர் கேட்டார், அதன்பிறகும் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொன்னவன் அதே ஏசாயாதான். மூன்றாவது, வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போது, முழு விவரமும் தெரியுமுன்னே முடிவு சொல்லாதிருங்கள். நான் இப்போது எந்தக் கட்டிலருகே போனாலும் முதலில் டாக்டரைக் கேட்கிறேன்: சதை எடுத்தாயிற்றா? ரிப்போர்ட் வந்ததா? நோயாளிக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்? அதற்குப் பிறகுதான் வேதத்தைத் திறக்கிறேன். ரிப்போர்ட் வராதிருந்தால், காத்திருக்கிறவரோடு நானும் உட்கார்ந்து காத்திருக்கிறேன். அதுவும் ஊழியம்தான் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

அந்த மூட்டைத் தொழிலாளிக்கு ஆபரேஷன் நடந்தது. இரைப்பையின் ஒரு பாகத்தோடு கட்டியை உடையாமல் எடுத்தார்கள். செல்கள் வேகமாய்ப் பெருகுகிற வகையாயிருந்ததால் மூன்று வருஷம் மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை நிறுத்தி வருஷங்களாகியும் ஸ்கேனுக்குத் தவறாமல் வருகிறார். மூட்டை சுமப்பதில்லை, அதே மார்க்கெட்டில் தேங்காய்க் கடை வைத்திருக்கிறார்.

சில சமயம் அவருடைய மகள் அவரை அழைத்து வருகிறாள். இரண்டு பிள்ளைகள். நல்ல புருஷன், குறையில்லை என்கிறாள். ஒருமுறை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பா இருக்கிறாரே ஐயா, அது போதும்" என்றாள். ஆனாலும் நம் நர்சிங் மாணவிகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாய் வராந்தாவில் போகும்போது, அவள் நின்று பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அதை ஆண்டவருடைய பாதத்தில் வைத்திருக்கிறேன்.

அன்பானவர்களே, இன்னொரு வீட்டில் அப்படி நடக்காதபடிக்குத்தான் அந்தப் பரிசோதனைப் பணம். தொடர்ந்து தாங்குங்கள். டாக்டர்களுக்காகவும், ஆய்வுக்கூடத்தில் முகம் தெரியாமல் நுண்ணோக்கியின் முன் குனிந்திருக்கிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிற குடும்பங்களை விசேஷமாய் நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் நம் வார்டிலே மூன்று பேர் அப்படிக் காத்திருக்கிறார்கள். கூடுகை முடிந்து சாப்பாட்டுக்குப் போகுமுன்னே, அவர்களுக்காக ஒரு நிமிஷம் தலைவணங்குவோம்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.